இடது அலை கஜபதிக்கு

நத்தைக்குப்பத்து ஆட்கள் சொன்ன சொல்லை மீறாதவர்கள். சுகாதார நர்ஸ் ஒருமுறை இருமல் மருந்தைக் கொடுத்துவிட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்று சொல்லிப் போனார். ஊரில் குழந்தைகளுக்கு எட்டாத இடம் பனைமரத்து உச்சி ஒன்றுதான். அங்கே ஏறிக் கட்டி வைத்தார்கள். இருமல் வந்தவர்கள் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தபடி இருமினார்கள்.

அந்த ஊருக்குத்தான் எவாஞ்சலின் வேக்போர்டு கற்றுக்கொடுக்க வந்தாள்.

வேக்போர்டு என்பது ஒரு பலகை. இரண்டு காலையும் அதில் மாட்டிக்கொண்டு, மோட்டார் படகில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டால், படகு போகிற வேகத்தில் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டே போகலாம். கெட்டிக்காரர்கள் நடுவில் எம்பிக் குதித்து வித்தையும் காட்டுவார்கள். எவாஞ்சலின் தூத்துக்குடிப் பெண். ஒரு படகுக் கம்பெனியில் இரண்டு வருஷம் டிக்கெட் கிழித்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் பலகை ஏறிப் பழகியவள். உப்பங்கழியில் பயிற்சிப் பள்ளி தொடங்கக் கம்பெனி அவளை அனுப்பியபோது மேனேஜர் சபாபதி ஒரு நிபந்தனை வைத்தார். பதினைந்தாம் நாள் அவர் வருவார். படகின் பின்னால் விரிகிற இரண்டு அலைகளில், ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு மாணவராவது தாண்டிக் காட்ட வேண்டும். தாண்டினால் பள்ளி நடக்கும். தாண்டாவிட்டால் படகு வேறு ஊருக்கு, எவாஞ்சலின் பழையபடி டிக்கெட்டுக்கு.

டவுனிலிருந்து யாரும் சேரவில்லை. கழியில் இறால் கிடைக்காத மாதம் என்பதால் சும்மா இருந்த உள்ளூர்க்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். கஜபதி பெரிய உடம்புக்காரன். எத்திராஜ் பசி தாங்கமாட்டான். மாசிலாவுக்குப் பயந்த சுபாவம். எதையும் இரண்டு தடவை கேட்டுக்கொள்வான். நான்காவது ஆள் ஊர் நாட்டார் தேசப்பன். வழக்கு தீர்ப்பது அவர் வேலை. வழக்கு இல்லாத நாட்களில் அவரே ஒன்றை உண்டாக்கிக்கொள்வார்.

ஊர் நாட்டாரைக் கயிறு கட்டி இழுப்பது முறையல்ல என்று தேசப்பன் பலகையில் ஏற மறுத்துவிட்டார். அவர் மனம் நோகாமல் எவாஞ்சலின் வேறு பொறுப்பு கொடுத்தாள். படகை அவள் ஓட்டுவாள். எப்போதும் ஒருத்தர் பின்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்து, யாராவது விழுந்தால் உடனே சொல்ல வேண்டும். தேசப்பன் அந்தப் பதவியை ஏற்றுக்கொண்டார். அன்று படகிலிருந்து பின்பக்கம் பார்த்தபடியே இறங்கினார். பின்பக்கம் பார்த்தபடியே தெருவில் நடந்தார். வீட்டு வாசலில் தண்ணீர்க்குடத்தோடு வந்த மனைவிமேல் மோதியதும், "ஒருத்தி விழுந்துட்டா" என்று ஊருக்கு அறிவித்தார்.

மற்ற மூவருக்கும் எவாஞ்சலின் முதல் பாடத்தை மெதுவாகச் சொன்னாள். "முழங்கால மடக்கி நில்லுங்கண்ணே. எங்க போகணுமோ அங்க பாருங்க, பாக்கிற இடத்துக்குத்தான் பலகை போகும். விழுந்தா கயித்த விட்டுருங்க. படகு திரும்பி வந்து ஏத்திக்கிடும். மறுபடி முதல்லருந்து ஆரம்பிப்போம்."

மாசிலா கேட்டான், "விழாங்காட்டி?"

"விழலைன்னா விடாதீங்க."

"விடவே கூடாதா?"

"விடவே கூடாதுண்ணே."

முதலில் ஏறிய எத்திராஜ், எங்கே போக வேண்டும் என்று யோசித்தான். அவன் வீட்டில் அன்று நண்டுக் குழம்பு. ஆகவே வீட்டைப் பார்த்தான். பலகை வளைந்து கரையேறி, காயப்போட்டிருந்த நெத்திலியின்மேல் வழுக்கி, அடுப்படி வாசலில் போய் நின்றது. எவாஞ்சலின் மூச்சிரைக்க ஓடிவந்தபோது அவன் பலகையைக் கழற்றாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாளையிலிருந்து தண்ணீரைப் பாருங்கள் என்றாள் அவள்.

"தண்ணியப் பாத்தா தண்ணிக்குள்ள பூடுவேனே, டீச்சரம்மா" என்றான் எத்திராஜ்.

அதில் தவறு எதுவும் இல்லை. நாட்டார் முகத்தைப் பாருங்கள் என்று சொல்லிவைத்தாள்.

கஜபதி அன்று பதினோரு முறை விழுந்தான். நடுக்கழியில் விழுந்தாலும் படகில் ஏறித் துறைக்கே திரும்பிவந்து, கழற்றிய செருப்பை மறுபடி போட்டு, மறுபடி கழற்றி, முதலிலிருந்து ஆரம்பித்தான்.

மாசிலாவின் கெட்ட நேரம், முதல் தடவையே விழாமல் நின்றுவிட்டான். படகு துறைக்கு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். மாசிலா மட்டும் முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி துறையில் நின்றான். மதியம் அவன் மனைவி சம்பூர்ணம் சோறு கொண்டுவந்து ஊட்டிவிட்டாள்.

"கயித்த வுடுடா" என்றான் கஜபதி.

"நான் இன்னும் விழலயே."

"படகே நின்னுபோச்சு."

"படகு நின்னா விடுன்னு டீச்சரம்மா சொல்லல. விழுந்தா விடுன்னுதான் சொன்னாங்க."

தேசப்பன் வேறு திசையைப் பார்த்தபடி தீர்ப்பு சொன்னார். "அவன் சொல்றதுல நியாயம் கீது. தள்ளி வுடுங்க."

தள்ளிவிட்டார்கள். மாசிலா தண்ணீரில் விழுந்ததும் நிம்மதியாகக் கயிற்றை விட்டான். படகு ஏற்கெனவே கிளம்பிய இடத்தில்தான் நின்றது என்பதால் வேறு சிக்கல் எழவில்லை. அதன்பிறகு தினமும் பயிற்சி முடிந்ததும் மாசிலாவைத் தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

இதெல்லாம் பார்த்து எவாஞ்சலினுக்கு முதலில் தூக்கம் வரவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் ஒன்றைக் கவனித்தாள். முழங்காலை மடக்கச் சொன்னதால் மூன்று பேரும் சந்தைக்கும் முழங்காலை மடக்கியே போய்வந்தார்கள். கால் இரும்பாக இறுகிவிட்டது. எட்டாம் நாள் அவர்கள் பலகையில் நின்ற அழகை, இரண்டு வருஷத்தில் அவள் பட்டணத்திலும் பார்த்ததில்லை. பதினைந்தாம் நாளைப் பற்றி முதல்முறையாக அவளுக்கு நம்பிக்கை வந்தது.

ஒன்பதாம் நாள் வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள். "இடது அலையில ஏறி, எம்பி, வலது அலையில இறங்கணும். அவ்வளவுதான்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இடது அலை யாரு முறை?" என்றான் கஜபதி.

நத்தைக்குப்பத்தில் கழித் தண்ணீரை முறை போட்டுத்தான் பங்கிடுவார்கள். சீட்டுக் குலுக்கி, இன்று இந்த இடம் ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு என்று வலை போடுவார்கள். மற்றவர் முறைத் தண்ணீரில் கால் வைத்தவன் என்ற பெயர் அந்த ஊரில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. அலையும் தண்ணீர்தானே என்று தேசப்பன் உடனே பஞ்சாயத்தைக் கூட்டினார். சீட்டுக் குலுக்கியதில் இடது அலை கஜபதிக்கு வந்தது, வலது அலை எத்திராஜுக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தட்டைத் தண்ணீர் மாசிலாவுக்கு.

கஜபதி இடது அலையில் ஏறினான். அந்த உடம்பு அப்படி எழும்பும் என்று யாரும் நினைக்கவில்லை. பின்பக்கம் காட்டும் படகுக் கண்ணாடியில் எவாஞ்சலின் பார்த்தபோது அவன் ஆளுயரம் மேலே இருந்தான். வலது அலைக்கு மேலே வந்துவிட்டான். அந்த இடத்தில் அவனுக்கு முறை ஞாபகம் வந்தது. ஆகாயத்திலேயே உடம்பை முறுக்கித் திரும்பி, வந்த வழியே போய், தன் அலையிலேயே இறங்கினான்.

இப்படி ஒரு வித்தை உலகத்தில் உண்டா என்று எவாஞ்சலினுக்குத் தெரியவில்லை. ஆனால் மேனேஜர் கேட்டது இதை அல்ல. பத்தாம் நாளும் கஜபதி திரும்பிவந்தான். பதினோராம் நாளும் திரும்பிவந்தான். எவாஞ்சலின் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மறுபடி திரும்பிவந்தான்.

பதினான்காம் நாள் அவள் துறையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "நாளைக்கு ஒருத்தர் தாண்டலைன்னா நான் போயிருவேண்ணே. திரும்ப டிக்கெட் கிழிக்கணும்."

நான்கு பேருக்கும் முகம் தொங்கிவிட்டது. கஜபதிதான் முதலில் பேசினான். "தாண்டறது பெரிசு இல்ல, டீச்சரம்மா. அடுத்தவன் தண்ணில கால வச்சிட்டு எம் பொண்ணு மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

எத்திராஜ் அவன் பக்கம் திரும்பினான். "நானே வான்னு கூப்ட்டா?"

தேசப்பன் கண்ணை மூடித் தீர்ப்பு சொன்னார். கூப்பிட்டால் போகலாம், அதற்கு ஊரில் வழக்கம் உண்டு. ஆனால் கரையில் நின்று கூப்பிட்டால் செல்லாது. தன் தண்ணீரில் நின்றுதான் கூப்பிட வேண்டும். ஒரே தண்ணீரில் இரண்டு பேர் இருக்கவும் கூடாது. ஆகையால் கஜபதி வருகிற நேரத்தில் எத்திராஜ் கிளம்பி, காலியான இடது அலைக்குப் போய்விட வேண்டும்.

"நடுத்தண்ணி என்னுதாச்சே" என்றான் மாசிலா.

"நாங்க மேல பறந்துதானே போறோம். வலைக்கு மேல காக்கா பறக்குது, அது உன்னக் கேக்குதா?" என்றான் எத்திராஜ்.

"காக்கா நம்ம பஞ்சாயத்துல இல்ல" என்றார் தேசப்பன்.

ஆகவே மாசிலாவும் நடுவில் நின்று வழிவிட வேண்டும் என்று முடிவானது. மூன்று பேர், மூன்று கயிறு, ஒரே நேரத்தில் இரண்டு தாண்டல். எவாஞ்சலின் எழுந்துபோய் இன்னும் இரண்டு கயிறு எடுத்துவந்தாள்.

மறுநாள் மேனேஜர் சபாபதி காரை அக்கரையில் நிறுத்திவிட்டு வந்தார். அவள் படகில் போய் அவரை ஏற்றிவந்து, பின்னிருக்கையில் தேசப்பனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு சுற்றுதான் பார்ப்பேன் என்றார்.

படகு வேகமெடுத்தது. பின்னால் இரண்டு அலை விரிந்தது. இடது அலையோரம் கஜபதி, வலது அலையோரம் எத்திராஜ், நடுவில் மாசிலா குந்தி உட்கார்ந்த மாதிரி வந்தார்கள். எவாஞ்சலின் கண்ணாடியைப் பார்த்தாள்.

"வாபா கஜபதி, நம்ம இடந்தான்" என்று எத்திராஜ் குரல் கொடுத்தான்.

"வரேம்பா."

"போய்ட்டு வாங்க" என்று மாசிலா தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். மாசிலாவின் தலைக்கு நேர்மேலே ஒருவரையொருவர் கடந்தார்கள். வழியில் தெரிந்தவரைப் பார்த்தால் பேசாமல் போவது மரியாதை இல்லை என்பதால், ஆகாயத்தில் கஜபதி கேட்டான், "சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல" என்றான் எத்திராஜ்.

இருவரும் பூப்போல மறு அலையில் இறங்கினார்கள்.

"யாரும் விழல" என்றார் தேசப்பன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

துறைக்கு வந்ததும் மேனேஜர் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, பள்ளி நடக்கும், எவாஞ்சலின்தான் நிரந்தரப் பயிற்சியாளர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் அதை வாங்கி மூன்று முறை படித்தாள். நிரந்தரம் என்ற சொல் மூன்று முறையும் அங்கேயே இருந்தது.

அக்கரைக்குப் போகலாமா என்று மேனேஜர் படகில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுங்கள் சார் என்று தேசப்பன் எவாஞ்சலினைத் தனியே கூப்பிட்டார்.

"படகு போனா அலை வரும்ல?"

"வரும்யா."

"இன்னிக்கு முறை முடிஞ்சுபோச்சு. இனிமே வர்ற அலைக்குச் சொந்தக்காரன் இல்ல. அனாதையா ஒரு அலைய உண்டாக்கறது ஊருக்கு ஆவாது."

"மெதுவாப் போறேன்யா. சின்ன அலைதான் வரும்."

"சின்ன அலைக்கும் ஒரு சின்னச் சொந்தக்காரன் வேணும்ல."

"அப்ப சார் எப்படிப் போவாங்க?"

"படகுலதான். அதுக்குத் தண்ணி இன்னாத்துக்கு?"

வள்ளம் தூக்கிப் பழகிய ஊர். கஜபதி ஒரு பக்கம், எத்திராஜ் ஒரு பக்கம், தெருவிலிருந்து இன்னும் பதினாறு பேர். மேனேஜரோடு படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கழியைச் சுற்றிப் போகும் நான்கு கிலோமீட்டர் ரோட்டில் கிளம்பினார்கள். மேனேஜர் இதை ஊர் மரியாதை என்று நினைத்து, முதலில் கூச்சப்பட்டு, பிறகு இருபக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டு வந்தார். தேசப்பன் பின்பக்கம் பார்த்தபடி எல்லோருக்கும் முன்னால் நடந்தார். படகின் பின்னால், இருபது மீட்டர் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கியபடி மாசிலா வந்தான். வெற்றி பெற்ற அவசரத்தில் இன்று அவனைத் தள்ளிவிட யாருக்கும் ஞாபகம் இல்லை.

எவாஞ்சலின் அவன் கூடவே நடந்தாள். நான்கு கிலோமீட்டர் அவன் படுகிற பாட்டை அவளால் பார்க்க முடியவில்லை. அக்கரை வந்துவிட்டது. காரும் தெரிந்தது. டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லோர் தோளும் படகுக்கு அடியில் இருந்தது.

நிரந்தரப் பயிற்சியாளராக அவள் செய்த முதல் வேலை, மாசிலாவை மெதுவாகத் தள்ளிவிட்டதுதான்.

"ஒருத்தன் விழுந்துட்டான்" என்று முன்னாலிருந்து தேசப்பன் அறிவித்தார்.

படகு உடனே நின்றது. காருக்குப் பத்தடி இருந்தது. பதினெட்டு பேரும் படகைத் திருப்பிக்கொண்டு வந்து மாசிலாவைத் தூக்கி மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பிறகு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதற்காக, துறையை நோக்கி நடந்தார்கள்.

இந்த ஊரில் இரண்டாம் சுற்றும் உண்டு போலிருக்கிறது என்று மேனேஜர் மறுபடி கும்பிட ஆரம்பித்தார்.