சந்தனமாரி வாங்கின மஞ்சள் பெல்ட்

ஒரு ஊர்ல ஒரு ஒத்த ரூம் வீடு. அதுக்குள்ள அப்பா, அம்மா, தொட்டில்ல ஒரு தம்பிப் பாப்பா, இவங்களோட சந்தனமாரின்னு ஒரு அக்கா. ம் சொல்லு கண்ணு.

சனிக்கிழமையானா அவ கராத்தே கிளாஸுக்குப் போவா. எபனேசர் மாஸ்டர் சொன்னாரு, "நடுவுல ஆறு நாளும் வீட்ல பழகணும். இல்லேன்னா மஞ்சள் பெல்ட் கிடையாது." அவ அப்பாவும் சொல்லிட்டாரு, "பெல்ட் வாங்கலேன்னா கிளாஸ நிறுத்திருவேன்."

அப்போ அவ என்ன செஞ்சா? வீட்டுக்கு வந்ததும் "ஹை...யா!"ன்னு கத்தினா. பாப்பா வீல்னு அழுதான். "ஏட்டி, இப்பத்தான தூங்க வச்சேன்!"னு அம்மா வஞ்சாங்க. சரின்னு சத்தத்த முழுங்கிட்டா. அப்புறம் கால விசிறி உதைச்சா. டங், கடகடன்னு தண்ணிக் குடம் உருண்டுச்சு. சரின்னு கால முட்டிக்கு மேல தூக்கல. அப்புறம் ஓங்கிக் குத்தினா. பீரோ டொம்முன்னுச்சு. பக்கத்து வீட்டு அக்கா, "யாரு, கதவத் தட்டுறது?"ன்னு வெளிய வந்துட்டாங்க. சரின்னு கையையும் பாதியில நிறுத்திக்கிட்டா. அப்படியே ஒரு நாள் விடாம பழகினா. ம்?

அப்புறம் பரீட்சை வந்துச்சு. மத்த பிள்ளைங்க வாரம் பூரா டிவி பார்த்துட்டு வந்து வானத்த உதைச்சாங்க. ஊருக்கே கேக்குற மாதிரி கத்தினாங்க. பாஸ், பாஸ், பாஸ். சந்தனமாரிக்குக் கால் முட்டியத் தாண்டல. கை பாதியில நின்னுருச்சு. கத்தலாம்னு வாயத் திறந்தா, "உஸ்"னு காத்துதான் வருது.

மாஸ்டர் உதட்டப் பிதுக்கினாரு. "இது வீட்ல ஒரு நாள்கூடப் பழகல."

அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. கூட்டிட்டுப் போக வந்த அப்பாதான் பாய்ஞ்சாரு.

"பழகலையா? இவ பழகுன பழக்கத்துல நாங்க ஒரு மாசமா நிம்மதியா உக்காந்து சோறு திங்கல! வீட்டுக்கு வந்து பாருங்க சார்!"

மாஸ்டரும் வந்தாரு. "இடம் என்ன இடம்? மனசு இருந்தா போதும். இந்தா, இப்படித் தூக்கணும்"னு கால வீசினாரு.

ணங்! கிரைண்டர்.

"ஐயோ அம்மா!" கட்டைவிரலப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நொண்டினாரு. "ஏம்மா, இந்த வீட்ல பழகுனதுக்கே பெல்ட் குடுக்கணும்மா. மஞ்சள் போதுமா, பச்சையே தரட்டுமா?"

"மஞ்சளே போதும் சார். முதல்ல நீங்க உக்காருங்க"ன்னா சந்தனமாரி.

மாஸ்டர் ஒரு சுத்து சுத்திப் பார்த்தாரு. "எங்கம்மா உக்கார?"

ம்... பெல்ட் அவ இடுப்புக்குப் போயாச்சு, கதை உன் காதுக்கு வந்தாச்சு. கண்ண மூடு செல்லம்.