மெமரிப் பந்தி

சுண்டக்காபுரத்தில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஊரில் அத்தனை பேருமே அறிவாளிகள்தான். கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்வார்கள்.

அந்த ஊர் அம்மையப்பனின் மகள் செவ்வந்திக்கு அடுத்த மாதம் கல்யாணம். பத்திரிகையை அவரே வீட்டுக் கம்ப்யூட்டரில் தயார் பண்ணினார். ஒருத்தரை விட்டாலும் பொல்லாப்பு என்று, சொந்தக்காரர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் போட்டோவையும் அதில் சேர்த்தார். கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவோ, வியாழக்கிழமைக்குள் பத்திரிகை கைக்கு வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். அம்மையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் லூர்துவுக்குப் போன் போட்டார்.

“அது யோசிச்சுக்கிட்டு இருக்குண்ணே, தொந்தரவு பண்ணாதீங்க” என்றான் லூர்து.

உடனே எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். மைத்துனன் பிச்சாண்டி வாசலில் காவல் நின்று, காக்காயைக்கூடக் கத்த விடவில்லை. இரண்டு நாள் கழித்து எட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டர் அப்படியே இருந்தது.

“நம்மளைவிட ஆழமா யோசிக்குது மாமா” என்றான் பிச்சாண்டி மரியாதையாக.

கம்ப்யூட்டரைத் தலையில் தூக்கிக்கொண்டு இருவரும் லூர்து கடைக்குப் போனார்கள். அவன் திறந்து பார்த்துவிட்டு, “மெமரி மாத்தணும்ணே. பந்தி மாதிரி நினைச்சுக்கங்க. ஜாஸ்தி மெமரின்னா ஒரே நேரத்துல நிறைய இலை போடலாம். வேகமான மெமரின்னா பரிமாறுற ஆள் ஓடி ஓடிப் பரிமாறுவான். உங்களுக்கு எது ஒத்து வரும்னு பார்த்துச் சொல்லுங்க” என்றான்.

பார்த்துச் சொல்வதென்றால் பந்தி போட்டால்தானே பார்க்க முடியும்? வியாழக்கிழமை காலையில் அடுப்பு மூட்டி, ஊரையே கூப்பிட்டார் அம்மையப்பன். இலை விரிக்கும் நேரத்தில் பங்காளி சிங்காரவேலு கையை நீட்டித் தடுத்தார்.

“தாலி கட்டறதுக்கு முன்னாடி பந்தி போடுற வழக்கம் நம்ம ஊர்ல உண்டா அண்ணே?”

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை தீர்த்தகிரியை இழுத்துக்கொண்டு அவன் அப்பா வந்து சேர்ந்தார். அவரும் அதே ஊர்க்காரர்தான்.

“பத்திரிகை எங்கே? பத்திரிகை வராம இந்தக் கல்யாணத்துக்கு நான் ஒத்துக்க மாட்டேன்!”

“இது கல்யாணம் இல்லை சம்பந்தி, மெமரி சோதனை. தாலி மட்டும் கட்டணும்.”

“அப்படிச் சொல்லுங்க. சோதனைன்னா தாராளமா நடக்கட்டும்” என்று அவர் முதல் இலையில் உட்கார்ந்தார்.

“நிஜத் தாலியா அப்பா?” என்று கேட்டாள் செவ்வந்தி.

“பொய்த் தாலி கட்டினா சோதனையும் பொய்யாயிடும்மா” என்றார் அம்மையப்பன். தீர்த்தகிரி சந்தோஷமாகக் கட்டினான். மேளம் இல்லாததால் பிச்சாண்டி அண்டாவைத் தட்டினான்.

முதலில் வேகச் சோதனை. பத்தே பத்து இலை. பிச்சாண்டி ஓடிய ஓட்டத்தில் சோறு வருவதற்கு முன்பே பாயசமும் மோரும் ஒன்றாக வந்து சம்பந்தி மடியில் இறங்கின. வெளியே நின்ற இருநூறு பேரும் கதவை உடைக்கப் பார்த்தார்கள்.

அடுத்தது ஜாஸ்திச் சோதனை. தெரு நீளத்துக்கு இலை. பரிமாற சிங்காரவேலு ஒருத்தர், அதுவும் முட்டிவலியோடு. அவர் கடைசி இலைக்கு உப்பு வைத்து முடித்தபோது முதல் இலையை மாடு தின்றுவிட்டிருந்தது.

“வேகத்துல யாருக்கும் இடமில்லை” என்றார் சிங்காரவேலு.

“ஜாஸ்தியில யாருக்கும் சோறில்லை” என்றான் பிச்சாண்டி.

விடிந்ததும் அம்மையப்பன் லூர்து கடையில் எல்லாவற்றையும் ஒப்பித்தார். லூர்து கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டான். “போட்டோ நிறைய இருக்குண்ணே, ஜாஸ்தியே போதும்” என்று அவனே மாட்டிக் கொடுத்தான். பத்திரிகை கண் இமைப்பதற்குள் திறந்தது. அம்மையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தாலிதான் கட்டியாகிவிட்டதே என்று யாரும் பத்திரிகையை விடவில்லை. பத்திரிகை வராமல் கல்யாணத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சம்பந்தி இன்னும் பிடிவாதமாக இருந்தார். பொய்த் தேதி போட அம்மையப்பனுக்கு மனசு வரவில்லை. ‘நிகழும் கல்யாணம் போன வியாழக்கிழமை. தாங்கள் சுற்றமும் நட்பும் சூழத் தவறாமல் வரவும்’ என்று அச்சடித்து, வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்.

மதித்துக் கூப்பிட்ட பிறகு போகாமல் இருக்க முடியுமா? இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பட்டு கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார்கள். போன வியாழக்கிழமைக்குப் பஸ் கிடையாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார்.

அம்மையப்பன் மறுபடி கம்ப்யூட்டரைத் தலையில் தூக்கிக்கொண்டு, பின்னால் ஊரே வர, லூர்து கடைக்கு வந்தார்.

“தம்பி, போன வியாழக்கிழமைக்குப் போய்ச் சேரணும். இந்த ஜாஸ்தி மெமரியே தாங்குமா, இல்லை வேகமானது வேணுமா?”

பிச்சாண்டி பதறிப்போய் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“வேகமானதையே கேளுங்க மாமா. இந்நேரம் அங்கே பந்தி ஆரம்பிச்சிருப்பாங்க!”