தேவாங்கு கொடுத்த மை

மரமும் மிருகமும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மனிதருக்கு இனிப்புத் தெரியும், கசப்புத் தெரியும், அழவும் தெரியும். வேண்டும் என்பது மட்டும் தெரியாது.

மலைச்சரிவின் கீழே ஒரு பள்ளத்தாக்கில் அவர்கள் ஈரப்பாசியின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கிளைகள் தாமாகத் தாழ்ந்து வந்து வாயருகே பழத்தைத் தொங்கவிட்டன. ஓடை மடிவரைக்கும் ஏறி வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனது. மேகம் இறங்கினால் அவர்கள் மேகத்துக்குள் இருந்தார்கள். விலகினால் வெயிலில் இருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி சாமை. அவள் கணவன் வேங்கன் எப்போதும் அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பான். அந்தச் சூடு அவளுக்குப் பிடிக்கும். மடியில் ஒரு பெண் குழந்தை. அதற்குப் பெயர் இல்லை. பெயர் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வருஷம் கீழைக்காற்று நிற்காமல் அடித்தது. பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது. தாழ்ந்து வந்த கிளைகள் வெறுமனே வந்து, வெறுமனே திரும்பின. சரிவில் நூறு தப்படி மேலே, பாறை மறைப்பில் நின்ற ஒரு பலாமரம் மட்டும் காய்த்துப் பழுத்தது. அதன் வாசனை நாள் முழுக்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"நல்ல வாசனை," என்றான் வேங்கன்.

"ஆமா மச்சான்," என்றாள் சாமை.

அதோடு பேச்சு முடிந்தது.

அவர்களுக்குப் பக்கத்தில் ஓரன் என்ற பெரியவர் இருந்தார். ஒரு நாள் பலாப்பழம் ஒன்று அறுந்து விழுந்து, சரிவில் உருண்டு, பிளந்து, அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. மஞ்சள் சுளைகள் வெளியே தெரிந்தன. அவர் அதை அன்று முழுக்கப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். மூன்றாம் நாள் அவர் கண் திறந்தேயிருந்தது, மூச்சு இல்லை. கை நீட்ட அவருக்கும் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் வரவில்லை. சாமை அழுதாள். கண்ணீர் குழந்தையின் மேல் விழுந்தது. அவள் கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த வழியாகத்தான் தேவாங்கு வந்தது. அப்போது அந்தக் காட்டிலேயே வேகமான பிராணி அது. கிளைக்குக் கிளை அது தாவுவதை யார் கண்ணாலும் பின்தொடர முடியாது. செத்துக் கிடந்தவரையும் பிளந்து கிடந்த பழத்தையும் பார்த்துவிட்டுச் சாமையின் எதிரில் வந்து உட்கார்ந்தது.

"உனக்குப் பசிக்கலையா?"

"பசிக்குது."

"பலாப்பழம் பிடிக்காதா?"

"வாயில இருந்தா ரொம்பப் பிடிக்கும்."

"வாயில இல்லையே."

"ஆமா," என்றாள் சாமை. "இல்ல."

தேவாங்கு ஒரு சுளையைப் பிய்த்து அவள் வாயில் வைத்தது. அவள் முகம் மலர்ந்தது. உதட்டை நக்கினாள், கண்ணை மூடிக்கொண்டாள். இனி எழுந்துவிடுவாள் என்று தேவாங்கு காத்திருந்தது. சுளை தொண்டைக்குள் இறங்கியதும் அவள் மறுபடி பழையபடி உட்கார்ந்திருந்தாள்.

தேவாங்குக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து தினமும் வந்து ஊட்டியது. சாமைக்கு, வேங்கனுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஊட்ட ஒரு தேவாங்கால் எப்படி முடியும்? தினமும் எங்காவது ஒருவர் தலை சாய்ந்தது. சாமையின் பால் வற்றியது. குழந்தை அழுவதை நிறுத்தி, வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

ஏழாம் நாள் தேவாங்கு பழம் இல்லாமல் வந்தது.

"படைக்கிற நாளில எங்க எல்லாருக்கும் தலைக்கு நடுவுல ஒரு பொட்டு மை வச்சாங்க," என்றது. "எறும்புக்கும் உண்டு, யானைக்கும் உண்டு. நீங்க கடைசியா வந்தீங்க. உங்களுக்கு வைக்கறதுக்குள்ள தீர்ந்துபோச்சு. அதுக்குப் பதிலாத்தான் இந்தப் பள்ளத்தாக்கைக் கொடுத்தாங்க. என் மையில பாதி உனக்குத் தர்றேன். அது அசைஞ்சா கால் தானா எழும். நீ எழுந்துட்டா மத்தவங்களுக்கு நீயே ஊட்டலாம்."

சாமை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். இந்த மை எப்பவும் முன்னாடிதான் பார்க்கும். கைக்கு வந்ததை அது திரும்பிப் பார்க்காது. இது உள்ள போயிட்டா, இப்ப உட்கார்ந்திருக்கற மாதிரி இனி உன்னால உட்கார முடியாது."

சாமை தன் தோளில் இருந்த சூட்டை உணர்ந்தாள். அவளுக்கு இருந்த பெரிய சந்தோஷம் அதுதான். பிறகு மடியைப் பார்த்தாள். குழந்தையின் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறக்க வெகு நேரம் ஆனது.

"வை," என்றாள்.

தேவாங்கு தன் நெற்றியைத் தேய்த்தது. விரல் நுனியில் கறுப்பாக ஒரு துளி வந்தது. அதைச் சாமையின் புருவ நடுவில் வைத்தது. குளிர்ச்சியாக இருந்தது. மை தோலுக்குள் இறங்கி, எலும்பைக் கடந்து, தலையின் ஆழத்தில் ஓர் இடம் தேடி உட்கார்ந்தது.

சாமை நிமிர்ந்து பார்த்தாள். பலாமரம் நின்ற இடத்திலேயேதான் நின்றது. ஆனால் அது தன்னைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அவள் கால் பெருவிரல் மண்ணை அழுத்தியது. முழங்கால் நிமிர்ந்தது. உடம்பு இவ்வளவு லேசானதா என்று நினைத்தபடி எழுந்து நின்றாள். மரத்தை நோக்கிப் போகாமல் தேவாங்கிடம் திரும்பினாள்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. எனக்கு."

"அவருக்கு வேணும். இவளுக்கு வேணும். எல்லாருக்கும் வேணும்."

வேணும் என்ற சொல்லை அந்தப் பள்ளத்தாக்கு அதுவரை கேட்டதில்லை. தேவாங்கு அவளையே பார்த்தது. கொடுத்த துளி கேட்ட முதல் கேள்வியே இன்னும் என்பதாக இருந்தது. அதற்காக அவளைக் கோபிக்க அதற்கு மனம் வரவில்லை. அந்த மை எப்படிப் பேசும் என்று தேவாங்கைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

நெற்றியை மறுபடி தேய்த்தது. சாமை தன் விரலை நீட்டி வாங்கிக்கொண்டாள். குழந்தைக்கு வைத்தாள், வேங்கனுக்கு வைத்தாள், ஒவ்வொருவராக ஓடி ஓடி வைத்தாள். அவள் திரும்பி வந்தபோது தேவாங்கு ஒரு கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுகொண்டிருந்தது. அந்தக் கையை இறக்க அதற்கு ஒரு நாழிகை ஆனது. விரலில் மிஞ்சிய கறையைக் கண்ணைச் சுற்றித் துடைத்துக்கொண்டது. பிறகு ஒரு கொம்பைப் பிடித்தது. யோசித்தது. அடுத்த கையை நீட்டியது.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றாள் சாமை.

"ஒண்ணும் இல்ல," என்றது தேவாங்கு மெல்ல. "அவசரம் போயிடுச்சு."

அன்று சரிவில் ஏறியபோது சாமைக்கு ஒன்று நடந்தது. சுளை எப்போதும் போலத்தான் இனித்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் மரத்தடியில் வந்து நின்றபோது நெஞ்சுக்குள் ஏதோ குதித்தது. மறுநாள் தூரத்தில் மரத்தின் தலை தெரிந்ததுமே அது குதித்தது. அடுத்த நாள் கண் விழித்ததுமே குதித்தது. மரத்தடிக்குப் போனபோது அந்தக் குதிப்பு அங்கே இல்லை, பழம் மட்டும் இருந்தது. ஒரு நாள் யாரோ முன்னால் வந்து எல்லாவற்றையும் பறித்துப் போயிருந்தார்கள். அன்று நெஞ்சு, ஒன்றுமே தெரியாமல் உட்கார்ந்திருந்த காலத்தைவிடக் கீழே இறங்கிப் போனது. அப்படியொரு பள்ளம் தனக்குள் இருப்பதை அவள் அன்றுதான் அறிந்தாள்.

குழந்தை பிழைத்தது. தத்தி நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் எட்டிப் பிடித்தது. சாமை அதற்கு எட்டி என்று பெயர் வைத்தாள்.

வேங்கன் உட்காரவே இல்லை. முதலில் மரத்துக்குப் போனான், பிறகு பாறைக்கு, பிறகு மேட்டு விளிம்புக்கு. ஒருநாள் காலையில் அங்கே நின்று அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் உட்காருங்க மச்சான்," என்றாள் சாமை. "முன்ன மாதிரி."

அவன் உட்கார்ந்தான். தோள் ஒட்டியது. அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"அந்த மலைக்கு அப்பால என்ன இருக்குன்னு பார்த்துட்டு வந்துடறேன், சாமை."

"வருவீங்களா?"

"ஏன் வராம?"

போனான். அவன் போன திசையில் தினமும் மேகம் இறங்கியது, விலகியது. சாமை தேவாங்கைத் தேடிப் போனாள். அது அதே கிளையில், முந்தின நாள் இருந்த இடத்திலிருந்து இரண்டு முழம் நகர்ந்திருந்தது. ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துத் தேவாங்கின் வாயருகே வைத்தாள்.

"வாங்கினது தப்போன்னு தோணுது," என்றாள்.

தேவாங்கு மென்று முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"திருப்பி எடுத்துக்கட்டுமா?"

சாமை எட்டியைப் பார்த்தாள். அது ஒரு பட்டாம்பூச்சியின் பின்னால் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்," என்றாள்.

மழைக்கு முந்திய ஒரு சாயங்காலம். சாமை ஓடையில் நீர் மொண்டுகொண்டிருந்தாள். மேட்டில் எங்கோ சருகு நொறுங்கியது. மானாக இருக்கலாம், பன்றியாக இருக்கலாம். ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு கால் சற்று இழுத்து வைக்கப்பட்டது. வேங்கன் அப்படித்தான் நடப்பான். அவள் நெஞ்சு குதித்தது. பலாமரம் ஒரு நாளும் அவ்வளவு உயரத்துக்குக் குதிக்க வைத்ததில்லை. மொண்ட நீரைக் கொட்டிவிட்டு, மேகத்துக்குள் ஒன்றும் தெரியாமலே ஏறி ஓடினாள்.

அவன் வந்தான். மெலிந்திருந்தான். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோளைச் சேர்த்துக்கொண்டான். அது இதமாக இருந்தது, பழைய சூடுதான். ஆனால் ஓடியபோது வந்த அந்தத் துள்ளல் அதற்குள் அடங்கிவிட்டிருந்தது.

"அங்க இன்னொரு மலை இருக்கு," என்றான் வேங்கன்.

"தெரியும்," என்றாள் சாமை. "இருக்கும்."

தேவாங்கு கண்ணைச் சுற்றிக் கறையோடு, ஒரு கையை எடுத்து வைக்க ஒரு யுகம் யோசிப்பது அந்த நாளிலிருந்துதான். மனிதர் நெஞ்சு, வீட்டுக்கு வருகிறவர் வந்து சேர்ந்த பிறகு அல்லாமல், படியில் காலடி கேட்கும்போதே துள்ளி எழுவதும் அந்த நாளிலிருந்துதான்.