அடையாள அணிவகுப்பு

இசக்கியம்மாளின் எல்.எல்.எம். சட்டப் படிப்பு அகமதிப்பீட்டில் துறைத்தலைவர் வேதமூர்த்தி முட்டை போட்டிருந்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா காரணம் கேட்டார்.

"என் வகுப்புப் பக்கமே இவ தலைகாட்டினதில்லை. பட்டம் என்ன சந்தையில கூறு கட்டி விக்கிற கத்திரிக்காயா?"

இரண்டு வருஷமும் வகுப்பெடுக்க வராத மனுஷனின் பேச்சு இது. இசக்கியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"குற்றம் சொல்றவர் ஆளை அடையாளம் காட்டணும்னு சட்டத்துல இருக்கு சார். வெளியே நிக்கிறவங்களைக் கூப்பிடறேன். வகுப்புக்கு ஒழுங்கா வந்தவர் யாருன்னு காட்டுங்க."

"கூப்பிடும்மா," என்றார் தேர்வாளர்.

ஐந்து பேர் வந்து வரிசையாக நின்றார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரின் தோளை வேதமூர்த்தி தட்டினார்.

"இவன் ஒருநாள் தவறினதில்லை. முழு மதிப்பெண் போட்டிருக்கேன்."

தேர்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அந்தோணி, நீ எப்போ இங்க சேர்ந்தே?"

"காரை நிழல்ல விட்டுட்டு நின்னேம்மா. இந்தத் தங்கச்சி உள்ளே வரச் சொல்லிச்சு," என்றார் தேர்வாளரின் டிரைவர்.

இசக்கியம்மாள் மதிப்பெண் தாளை வேதமூர்த்தி முன்னால் தள்ளினாள்.

"அவருக்குப் போட்டதையே எனக்கும் போடுங்க சார். எங்க ரெண்டு பேருக்கும் நீங்க எடுத்த பாடம் ஒரே அளவுதான்."