தவிட்டுக்குருவிக்கு வாய் ஓயாமல் போன கதை

பறவைகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவியைப் போல் வாய் மூடிக் கிடந்த பறவை வேறு இல்லை. இன்றைக்கு இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? விடிந்தும் விடியாததுமாக வேலியோரம் கூட்டமாய் வந்து இறங்கி, காது புளிக்கக் கத்துகிற குருவியா என்று சிரிப்பார்கள். ஆனாலும் அப்போது அப்படித்தான் இருந்தது. பேச்சுக் குரல் கேட்டால் சருகுக்கு அடியில் இருக்கும் பூச்சி ஓடிப்போகும் என்பது அவற்றின் எண்ணம்.

ஓடைக்கரையில் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. ஏழெட்டுப் பேர், எல்லாரும் அக்கா தங்கைகள். மூத்தவள் சடைச்சி. நடுவில் பிறந்தவள் மூக்காயி. கடைசியாகப் பிறந்தவள் பொடிச்சி.

சருகைப் புரட்டி இரை தேடுகிறவர்களுக்குத் தலை எப்போதும் குனிந்தே இருக்கும், வானம் தெரியாது. அதனால் ஒருத்தி மட்டும் கருவேல மரத்து உச்சியில் காவல் இருப்பாள். வல்லூறு வந்தால் ஒரே ஒரு கூப்பாடு போட வேண்டும். மற்ற நேரத்தில் வாயே திறக்கக் கூடாது. மேலே சத்தம் இல்லையென்றால் கீழே பயம் இல்லை. கொஞ்ச நேரம் போனதும் வேறொருத்தி மேலே வந்து அவளை இறக்கி விடுவாள். இந்த ஏற்பாடு வெகுகாலம் நன்றாகத்தான் நடந்தது.

கோடை முடிந்து முதல் மழை பெய்த மறுநாள் காலையில், ஓடைக்கரைக் கரையான் புற்று வாய் திறந்தது. ஈசல் பொலபொலவென்று கிளம்பியது. கோடை முழுக்க அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடந்தவர்கள் விடுவார்களா? விழுந்தடித்துக்கொண்டு தின்றார்கள்.

அப்போது மேலே இருந்தவள் மூக்காயி. அவள் முறை முடிந்து நெடுநேரம் ஆகியும் யாரும் மாற்ற வரவில்லை. கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவள் குரல் கொடுத்தால் வல்லூறு என்று எல்லாரும் பதறி ஓடுவார்கள், ஈசலும் போய்விடும். கீழே இருந்து ஒருத்தியாவது அண்ணாந்து பார்த்திருந்தால் அவள் பொறுத்திருப்பாள். ஒருத்தியும் பார்க்கவில்லை. பசியைவிட அதுதான் அவளுக்குச் சுட்டது.

‘ரெண்டே ரெண்டு தின்னுட்டு வந்துருவோம்’ என்று நினைத்துக்கொண்டு, புற்றுக்கு அந்தப் பக்கமாகச் சத்தமில்லாமல் இறங்கினாள்.

அதே நேரத்தில்தான் பொடிச்சிக்கு அக்காவின் நினைப்பு வந்தது. இருப்பதிலேயே கொழுத்த ஈசலாகப் பார்த்துக் கவ்விக்கொண்டு, வெட்டவெளியில் தத்தித் தத்தி மரத்தடிக்குப் போனாள். அண்ணாந்து பார்த்தாள். கிளை காலியாக இருந்தது. அக்கா எங்கே என்று புரியாமல் அங்கேயே நின்றுவிட்டாள். வாயில் ஈசல் இருந்ததால் கூப்பிடவும் முடியவில்லை. மேலே இருந்து வல்லூறு இறங்கியது.

கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சப்பேர் முள்ளடர்ந்த சங்கம்புதருக்குள் ஒடுங்கிக்கொண்டார்கள். வெளியே மண்ணில் ஈசல் இறகு மட்டும் கிடந்தது.

“எங்கடி போன?” என்று கேட்டாள் சடைச்சி.

மூக்காயியால் தலை நிமிர முடியவில்லை. “பசிச்சுதுக்கா. யாருமே வரல. கூப்பிடவும் பயமா இருந்துச்சு.”

“மேல சத்தமே இல்ல. அதான் நீ இருக்கேன்னு நெனச்சுத் தின்னுக்கிட்டிருந்தோம்.”

“நான் இருந்தாலும் சத்தமில்ல, இல்லாட்டியும் சத்தமில்லையேக்கா!” என்று மூக்காயி கதறினாள்.

“இவளக் கூட்டத்துலயே வச்சுக்கக் கூடாது. பிள்ளையக் கொன்னுட்டா” என்றாள் ஒருத்தி.

சடைச்சி மண்ணில் கிடந்த இறகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இவ மட்டுமா தின்னா? நாமளுந்தான் தின்னோம், ஒரு தடவகூட அண்ணாந்து பாக்காம. பாத்தவ ஒருத்திதான். அவளும் போயிட்டா” என்றாள்.

யாரும் சொல்லாமலே மூக்காயி மறுபடியும் மரத்துக்குப் போனாள். உச்சிக் கிளையில் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தாள். “இருக்கேன்… இருக்கேன்… வானத்துல ஒண்ணுமில்ல… இருக்கேன்…”

சருகுக்குள் இருந்த பூச்சிகள் சில ஓடத்தான் செய்தன. ஓடினால் ஓடட்டும் என்று சடைச்சி தலையைத் தூக்கி, “கேக்குதுடி, பேசிக்கிட்டே இரு” என்று பதில் குரல் கொடுத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகக் குரல் கொடுத்தார்கள்.

தவிட்டுக்குருவிக் கூட்டத்துக்கு வாய் ஓயாமல் போனது அந்தக் காலையிலிருந்துதான். நம் காதுக்கு அது வெறும் கூச்சல். மேலே இருப்பவள் இருக்கிறேன் என்கிறாள், கீழே இருப்பவர்கள் கேட்கிறது என்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பேச்சு சட்டென்று நின்றால் போதும், எதற்கும் காத்திராமல் எல்லாம் புதருக்குள் பாய்ந்துவிடும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும். நல்ல பூச்சி கிடைத்த ஒருத்தி அதைத் தின்னாமல் கவ்விக்கொண்டு காவல் கிளைக்குப் பறப்பாள். பொடிச்சியால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் போன அந்த ஈசலை, அன்று தொட்டு இன்றுவரை ஒருத்தி மாற்றி ஒருத்தி மேலே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.