மணல்திட்டில் கூடிய சபை

அநியாயம் நடந்தது ஓடக்காரி சேந்திக்கு. பன்னிரண்டு பிள்ளைகளைப் பத்திரமாகக் கரை சேர்த்தாள். அதற்காகவே அவளை வேலையைவிட்டுத் தூக்கினார்கள். நீங்களே சொல்லுங்கள், இது எந்த ஊர் நியாயம்?

நெய்தல்நகர் அரசர் சித்திரசேனர் ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் படித்தால் போதாது, ஆற்றிலும் காட்டிலும் போய்க் கற்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அதை நடத்திய ஏழு அறங்காவலர்களும் சபை மண்டபத்தைவிட்டு ஒருநாளும் வெளியே வந்ததில்லை! கூட்டத்தில் ஏழு பேரும் ஒரே குரலில் எதைச் சொன்னாலும் அது விதி. ஏழு பேரும் சம்மதிக்காமல் எதுவும் நகராது, கூட்டம்கூடக் கலையாது.

சேந்தி அந்த அறக்கட்டளைக்காகக் கழிமுகத்து மணல்திட்டில் நண்டையும் நாரையையும் காட்டிப் பாடம் நடத்துபவள். போன மாதம் ஒருநாள் கடல்நீர் சீக்கிரமே ஏறியது. பிள்ளைகளை ஓடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

"பாடம் முடிய இரண்டு நாழிகை இருந்ததே! சபையின் சம்மதம் இல்லாமல் எப்படிக் கிளம்பினாய்?" என்றார் தலைவர் நல்லூர்க்கிழார். வேலை போயிற்று.

அரசரின் ஓலை எழுதும் கயல்நங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அரசரிடம் போனாள்.

"அரசே, இந்த வழக்கைச் சம்பவம் நடந்த மணல்திட்டிலேயே விசாரிக்கணும்."

"எப்போது?"

"நேரத்தைச் சேந்திகிட்ட கேட்டுச் சொல்றேன்."

சபை கூடியது. மணலில் கம்பளம், மேலே குடை. "சிம்மாசனம் மணலில் புதையும் அரசே" என்று அரசரைச் சேந்தியின் ஓடத்திலேயே உட்காரவைத்தாள் கயல்நங்கை. அறங்காவலர்களை இறக்கிவிட்ட படகு கரைக்குத் திரும்பிவிட்டது.

முதலில் போன கூட்டத்தின் குறிப்பை வாசித்தார்கள். அது நீண்டது.

"ஐயா, தண்ணி ஏறுது" என்றாள் சேந்தி.

"குற்றவாளி குறுக்கே பேசக் கூடாது!" என்று அதட்டினார் கிழார்.

கம்பளம் நனைந்தது. "கலைஞ்சிடலாமே?" என்று ஒருவர் முனகினார். விதிப்படி கை தூக்கினார்கள். ஆறு கைகள். ஏழாமவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். எழுப்பினால், "எதற்குக் கை தூக்க வேண்டும்? முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார். சொன்னார்கள். பாதி சொல்வதற்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது.

"ஏய் சேந்தி! ஓடத்தைக் கொண்டு வா!" என்று அலறினார் கிழார்.

"இதோ வந்துட்டேன் ஐயா. ஆனா கூட்டம் முடியலையே, சபையோட சம்மதம் வேணாமா?"

ஏழு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "முதல்ல கரை சேரும்மா! சம்மதத்தை அப்புறம் பாத்துக்கலாம்!"

அரசர் சிரித்த சிரிப்பில் ஓடமே ஆடியது. ஏழு பேரும் ஏறி, வேட்டியைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்தார்கள்.

"சரி, சேந்தி வழக்கில் தீர்ப்பு என்ன?" என்றார் அரசர்.

"ஈரத்தோடு எப்படி அரசே... அடுத்த கூட்டத்தில்..." என்று இழுத்தார் கிழார்.

கயல்நங்கை ஓலையை நீட்டினாள். "அடுத்த கூட்டம் எதுக்கு? இந்தக் கூட்டமே இன்னும் கலையலை. 'முதலில் கரை சேர், சம்மதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஏழு பேரும் ஒரே குரலில் விதி போட்டாச்சு. சேந்தி அதை ஒரு மாசம் முன்னாடியே கடைப்பிடிச்சுட்டா, அரசே. அவ செஞ்ச குற்றம் அவ்வளவுதான்!"