லபக்காயி வாய மூடின கதை

ஒரு ஊர்ல ஒரு காது. காதுக்குள்ள போனா ஒரு பறை, பறைக்குப் பின்னாடி பட்டாணி அளவுக்கு ஒரு ரூம். அந்த ரூமுக்குக் காவக்காரி லபக்காயி. கண்ணுக்கே தெரியமாட்டா, ஆனா அப்பேர்ப்பட்ட தீனிக்காரி. கிருமி வந்தா லபக், லபக். "ம்" கொட்டு, இல்லேன்னா நிறுத்திருவேன்.

காது அஞ்சுகம்ங்கிற நாலு வயசுப் பொண்ணோடது. அவ பாடினா ரூமே அதிரும், லபக்காயி திங்கு திங்குன்னு ஆடுவா.

அப்புறம் அஞ்சுகத்துக்குச் சளி பிடிச்சுது. தொண்டையிலேர்ந்து அந்த ரூமுக்கு ஒரு குழாய் இருக்கில்ல, அது வழியா கிருமிங்க குபுகுபுன்னு ஏறிடுச்சு. லபக்காயி பத்து தின்னா நூறு வந்துச்சு. அப்போ விட்டா ஒரு விசில், வீ...ல்னு. ரத்தத்துலேர்ந்து வெள்ளைப் பட்டாளம் திபுதிபுன்னு ஓடியாந்துச்சு. அவங்க வழக்கம் என்னன்னா, தங்க வயித்துலேர்ந்தே நூலை உருவி, வலைய வீசிட்டு, அங்கேயே செத்துப்போவாங்க. பாவம்தான், ஆனா ஜோரா செய்வாங்க.

கிருமியெல்லாம் காலி. லபக்காயிக்குத்தான் பயம் போகல. மறுபடியும் விசில். வந்தாங்க, வீசினாங்க, வெறும் வலை. மூணாவது தடவையும் விசில். வலைமேல வலை விழுந்து ரூமெல்லாம் கொழகொழன்னு பிசின், குழாயும் அடைச்சுப்போச்சு. சத்தமே உள்ள வரல. வெளிய அம்மா கூப்பிட்டா அஞ்சுகம் திரும்பறதே இல்ல, திமிருன்னு திட்டு வாங்கினா பாவம். காது கேக்கலன்னு அம்மாவுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது.

லபக்காயிக்கு ஆட்டம் போச்சு, துக்கம் தாங்கல. பட்டாளத்துல இன்னும் சாகாத ஒருத்தனப் பிடிச்சு, எதிரி இன்னும் எங்கடா இருக்கான்னு கேட்டா.

"நீ கூப்பிட்ட, வந்தோம். எதிரி யாருன்னு நீதானே அக்கா சொல்லணும்"னான் அவன்.

அப்போதான் அவளுக்குச் சுருக்குன்னு உறைச்சுது. வாய மூடணும். ஆனா இவளுக்குத்தான் வாய மூடத் தெரியாதே! சரி, வாய் நிறையத் தின்னா விசில் எப்படி வரும்? பிசினை லபக். வலைய லபக். செத்துப்போனவங்களையும் அழுதுகிட்டே லபக். நாள் கணக்கா தின்னா. விசில் வரல, அதனால யாரும் வரல.

கேக்கிறியா? ம்.

ஒருநாள் காலையில அஞ்சுகம் பெருசா கொட்டாவி விட்டா. குழாய் டப்புனு தொறந்துச்சு, மிச்சப் பிசின் சளசளன்னு வடிஞ்சு போச்சு. அடுப்படியிலேர்ந்து அம்மா, தனக்குள்ளேயே பேசற மாதிரி, "அஞ்சுகம், தோசை"ன்னு மெதுவாத்தான் சொன்னா.

அஞ்சுகம் திரும்பினா. அம்மா கரண்டியக் கீழ போட்டுட்டு ஓடியாந்து கட்டிக்கிட்டா. உள்ள லபக்காயி, வாய் நிறையப் பிசினோட, திங்கு திங்குன்னு ஆடினா பாரு ஒரு ஆட்டம்.

அட, நீயும் கொட்டாவி விட்டுட்டியா. அவ்வளவுதான், கதை வடிஞ்சுபோச்சு, கண்ண மூடு.